பத்து நிமிடத்தில் முதுகு விறைக்கிறது

கேள்வி: டொராண்டோவில் படிக்கிறேன். அமெரிக்க விமானப்படையின் எம்ஏ-1 மாதிரியில் தைத்த பச்சை நைலான் ஜாக்கெட் ஒன்றைப் பழைய துணிக்கடையில் வாங்கினேன். உள்ளே ஆரஞ்சு லைனிங், நடுவில் பஞ்சு. பார்க்கக் கனமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜனவரியில் பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் நின்றால் முதுகு விறைத்துப் போகிறது. என்ன செய்வது? இஸ்திரி போட்டு ஒட்டும் பேட்ச் மூன்றும் வைத்திருக்கிறேன். ஒட்டலாமா?
– வாசகர், ஸ்கார்பரோ

பதில்: இஸ்திரிப் பெட்டியைத் தொடாதீர்கள். அந்த விஷயத்துக்குப் பிறகு வருவோம், முதலில் குளிர்.

ஜாக்கெட் மேல் தப்பில்லை. அமெரிக்க விமானப்படை தன் உடைகளைக் குளிரின் அளவுப்படி வகை பிரித்திருந்தது. எம்ஏ-1 நடுத்தர வகை: 10 டிகிரி செல்சியஸிலிருந்து மைனஸ் 10 வரை. அதற்கும் கீழே, மைனஸ் 30 வரை போனால், தொடை வரை இறங்கும், தலைமூடி வைத்த என்-3பி பார்க்கா. விமானி இருக்கையில் உட்கார வசதியாக எம்ஏ-1ஐ இடுப்போடு வெட்டினார்கள். அதற்கு முந்தைய பி-15 விமானி ஜாக்கெட்டின் ரோமக் காலர் பாராசூட் வார்களுக்கு இடைஞ்சல் என்று, கழுத்தில் வெறும் பின்னல் பட்டையோடு விட்டார்கள். ஆக, குளிர் புகும் வாசல் இரண்டு, கழுத்தும் இடுப்பும். இவற்றை அடைக்காமல் உள்ளே எத்தனை துணி போட்டாலும் பலன் குறைவு.

உடலை ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளி பனியன் போடுங்கள். நீளமானதாக வாங்கி பேண்ட்டுக்குள் செருகுங்கள். குனிந்தாலும் இடுப்பு வெளியே தெரியக் கூடாது. பருத்தி பனியன் வேண்டாம். சுரங்க ரயிலில் வியர்த்த ஈரத்தை அது விடாது, வெளியே வந்ததும் அதுவே குளிரும். அதன் மேல் ஒரு ஃபிளீஸ் அல்லது கம்பளி ஸ்வெட்டர். கழுத்துக்கு மஃப்ளர். ரயிலில் ஏறும் முன்பே ஜிப்பைத் திறந்துவிடுங்கள், வியர்த்த பிறகு திறந்து லாபமில்லை.

இத்தனையும் போட்டு ஜிப்பை மூடி, உங்களை நீங்களே கட்டிப்பிடித்துப் பாருங்கள். முதுகில் துணி விறைப்பாக இழுத்தால் ஜாக்கெட் சிறிது. பஞ்சு நசுங்கினால் அதற்குள் நிற்கும் காற்று போய்விடும். சூடு காப்பதே அந்தக் காற்றுதான். மைனஸ் 10க்குக் கீழே போகும் நாட்களில் இதை உள்ளே போட்டு, மேலே தொடை வரை வரும் கோட் ஒன்றை மாட்டுங்கள். ஏரிக்காற்று அடிக்கும் ஊரில் இதை மட்டும் நம்பி நிற்பது வீம்பு.

இப்போது பேட்ச். ஒட்டும் பசை பிடிக்கும் அளவுக்குச் சூடு காட்டினால் நைலான் பளபளவென்று தழும்பேறும், உள்ளே பஞ்சும் படிந்துவிடும். அப்படியும் வழவழப்பான நைலானில் பசை நிற்காது. கையை மடக்கி நீட்ட, ஓரம் கிளம்பும். தைப்பதுதான் வழி. ஆனால் மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்தால் அந்த இடம் மெத்தைப் பொத்தான் போலக் குழிந்து, பஞ்சு நசுங்கும், தையல் துளை வழியே காற்றும் வரும். ஆரஞ்சுப் பக்கத்தில் வட்டமாகத் தையலும் தெரியும். விபத்தில் விழுந்தவர் ஜாக்கெட்டைப் புரட்டிப் போட்டுத் தேடுபவர் கண்ணில் படத்தான் அந்த நிறம், அதைக் கெடுப்பானேன்?

ஆகவே வெளித்துணியில் மட்டும் தைக்க வேண்டும்; அதற்கு லைனிங்கைக் கொஞ்சம் பிரித்துக் கையை உள்ளே விட வேண்டும். லைனிங்கின் உள்பக்கம், குறிப்பாக ஜாக்கெட்டின் கைகளில், தையலைத் தடவிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் வெளியிலிருந்து ஓட்டிய தையல் விளிம்பு தட்டுப்பட்டால், தொழிற்சாலையில் கடைசியாக மூடிய வாய் பெரும்பாலும் அதுதான். கை நுழையும் அளவுக்கு, சுமார் 15 செ.மீ., பிரியுங்கள். பேட்ச் வைக்கப்போகும் இடம் அங்கிருந்து எட்டாவிட்டால், இடுப்புப் பட்டையை ஒட்டி லைனிங் தையலைப் பிரியுங்கள். எங்கே வைப்பது என்பதை மேஜையில் தீர்மானிக்காதீர்கள். ஸ்வெட்டரோடு ஜாக்கெட்டைப் போட்டு, ஜிப்பை மூடி, கைகளைத் தொங்கவிட்டு, இன்னொருவரைச் சாக்கட்டியால் குறிக்கச் சொல்லுங்கள். மேஜையில் நடுவாகத் தெரிந்தது உடம்பில் அக்குளுக்குள் போய்விடும். இடது கையில் ஜிப் வைத்த பேனாப் பை இருக்கிறது; அதன் மேல் தைத்தால் பையே மூடிக்கொள்ளும்.

குண்டூசித் துளை நைலானில் மறையாது. பேட்ச்சைத் துணி ஒட்டும் பசைக்குச்சியால் நிறுத்தி, வெளித்துணியை மட்டும் உயர்த்திப் பிடித்து, பாலியஸ்டர் நூலால், பேட்ச்சின் தடித்த ஓரத்துக்குள் தையுங்கள். மெஷின் என்றால் 80ஆம் எண் கூர் ஊசி, தையல் நீளம் 3 மி.மீ., நூல் இழுவிசையைச் சற்றுத் தளர்த்துங்கள். இறுக்கினால் சுருக்கம் விழும். கையில் குழலாக இருக்கும் இடத்துக்கு மெஷின் நுழையாது, கைத்தையல்தான். முடிந்ததும் பிரித்த வாயை மூடுங்கள்.

பேட்ச்சில் என்ன படம் என்று நீங்கள் எழுதவில்லை. கார்ட்டூன், ஊர்ப் பெயர், எதுவானாலும் சரி. உரிமையில்லாமல் ராணுவப் பதக்கமோ பதக்க ரிப்பனோ அணிவது கனடாவில் குற்றம், அதை மட்டும் தவிருங்கள்.

பழைய ஜாக்கெட் என்பதால் ஜிப் முரண்டு பிடிக்கலாம். பல்வரிசையில் பென்சில் முனையைத் தேயுங்கள். ஜிப்பின் கீழ்முனைக் குச்சி மறுபக்கத்துச் சின்னப் பெட்டிக்குள் முழுக்க இறங்கிய பிறகே மேலே இழுங்கள். அரைகுறையாக இழுத்தால் முதலில் பிய்வது அந்தக் குச்சியை ஒட்டிய நாடாதான். அது போனால் ஜிப் முழுவதையும் மாற்ற வேண்டிவரும்.