பின்கட்டுத் தொழுவரைக்கும் வைஃபை கொண்டுபோவது எப்படி?

வீட்டுக்குள் நன்றாக எடுக்கும் வைஃபை, தள்ளியிருக்கும் தொழுவிலோ பம்புசெட் அறையிலோ ஏன் எடுப்பதில்லை? வைஃபை என்பது ரேடியோ அலை. திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய வீடுகளின் கனத்த சுவர் அதில் பாதியைத் தின்றுவிடும். தகரக் கூரையும் தகரக் கதவும் மிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும்.

பலரும் முதலில் வாங்குவது ரிப்பீட்டர். வரப்பில் ஒருவரை நிறுத்தி, திண்ணையிலிருந்து சொல்வதைத் தொழுவில் இருப்பவருக்குத் திருப்பிக் கத்தச் சொல்வது போலத்தான் அது. கத்தும்போது அவரால் கேட்க முடியாது. அதனால் சாதாரண ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகும். அவரையே தொழுவுக்குள் நிறுத்தினால் அவருக்கும் ஒன்றும் கேட்காது. நானும் அப்படித்தான் மாட்டுத் தீவன மூட்டைக்கு மேலே மாட்டிவைத்து ஒரு வாரம் முழித்தேன்.

என்னைக் கேட்டால், கேபிள்தான் நல்லது. ரூட்டரிலிருந்து வெளிப்புறத்துக்கான லேன் கேபிளைக் குழாய்க்குள் விட்டு மண்ணில் புதைத்து, தொழுவில் ஒரு அக்சஸ் பாயிண்ட் வையுங்கள். கம்பியில் வரும் இணையத்தை அங்கே வைஃபையாக மாற்றும் பெட்டி அது. 100 மீட்டர் வரை லேன் கேபிள் தாங்கும். அதற்கு மேல் என்றாலோ, ஐப்பசி இடிமின்னலுக்குப் பயந்தாலோ, ஃபைபர் போடலாம். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது.

அப்புறம், சக்தி கூடிய ரூட்டர் வாங்கினால் போதும் என்பார்கள். போதாது: போனும் பதில் பேச வேண்டுமே, அதன் குரல் சின்னதுதான்.