கைதிக்கு மட்டும் எப்படி அது உரிமை?

கேள்வி: அமெரிக்காவில் மனநலச் சிகிச்சை சரியில்லை என்று கைதிகள் அரசு மேலேயே கேஸ் போடுகிறார்களாமே! அங்கே வெளியே இருக்கிறவனுக்கே டாக்டர் செலவு கட்டுப்படியாகாது. தப்பு செய்து உள்ளே போனவனுக்கு மட்டும் எப்படி அது உரிமை?

பதில்: வெளியே இருக்கிறவர் கடன் வாங்கியாவது டாக்டரிடம் போகலாம். உள்ளே இருக்கிறவர் வார்டர் கதவைத் திறந்தால்தான் போக முடியும். பூட்டி வைத்தவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 1976-லேயே அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் எஸ்டெல் எதிர் கேம்பிள் வழக்கில் சொல்லிவிட்டது. கடுமையான நோயைத் தெரிந்தே கண்டுகொள்ளாமல் விட்டால், அது அரசியல் சட்டத்தின் 8-வது திருத்தம் தடுக்கும் கொடூரத் தண்டனை. அது முதுகுவலிக்காரர் போட்ட வழக்கு. மனநோய்க்கும் இதே விதிதான் என்று அப்புறம் மற்ற நீதிமன்றங்கள் எடுத்துக்கொண்டன.

ஆனால் ஜெயிப்பது லேசில்லை. டாக்டர் கவனக்குறைவாக இருந்தார் என்பது போதாது. ஆபத்து தெரிந்தும் அதிகாரிகள் சும்மா இருந்தார்கள் என்று காட்ட வேண்டும். போதாக்குறைக்கு, 1996-ல் வந்த ஒரு சட்டப்படி சிறைக்குள்ளேயே புகார் மனு, மேல்மனு எல்லாம் கொடுத்து முடித்த பிறகுதான் கோர்ட் படியேற முடியும். புத்தி கலங்கிக் கிடப்பவர் கெடு தேதி பார்த்து மனு எழுத வேண்டுமாம், நல்ல கூத்து!

கேள்வி: சரி, ஜெயித்தால் நஷ்டஈடா?

பதில்: பெரிய வழக்குகளில் கேட்பது பணம் இல்லை. மனநல மருத்துவர், படுக்கை, கண்காணிக்க ஆள், இவைதான். கலிஃபோர்னியாவில் 1990-ல் போட்ட கோல்மன் வழக்கில் 1995-லேயே கைதிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தும் நிலைமை தேறாமல், 2011-ல் அது இன்னொரு வழக்கோடு சேர்ந்து உச்ச நீதிமன்றத்தில் நின்றது. அங்கே வந்த தீர்ப்பைப் படித்தால் வயிற்றைப் பிசையும். தற்கொலை எண்ணம் உள்ளவர்களை டெலிபோன் பூத் அளவுக் கூண்டுகளில் அடைத்திருக்கிறார்கள், கழிப்பறை கிடையாது. ஒருவர் கிட்டத்தட்ட 24 மணி நேரம் அப்படி அடைபட்டு, தன் சிறுநீரிலேயே நின்று, கூப்பிட்டால் பதில் சொல்லாத நிலைக்குப் போயிருந்தார். கேட்டதற்கு, வைக்க வேறு இடமில்லை என்றார்களாம். சுமார் 80,000 பேருக்குக் கட்டிய சிறைகளில் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆட்கள்! கொள்ளளவில் 137.5 சதவீதத்துக்குள் கொண்டு வரச் சொன்ன உத்தரவு, ஐந்து நீதிபதிகள் ஆதரவு, நான்கு பேர் எதிர்ப்பு என்ற கணக்கில்தான் தப்பியது.

கூட்டம் குறைந்தது, டாக்டர்கள் வந்தபாடில்லை. மனநலப் பணியிடங்களை நிரப்பாததற்காக 2024-ல் அதே வழக்கில் மாநிலத்துக்கு 11 கோடி டாலருக்கு மேல் அபராதம் போட்டார் நீதிபதி. மாநிலம் அப்பீலுக்குப் போனது.