மிஷனுக்குப் போகும் மகன் – கடிதம்

வணக்கம்.

சிங்கப்பூரில், ஈசூனில் வசிக்கிறேன். நாங்கள் இந்துக் குடும்பம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும்போது என் மகன் அமெரிக்காவில் தோன்றிய மார்மன் கிறிஸ்தவச் சபைக்குப் போகத் தொடங்கினான். தேசிய சேவைக்காகப் படையில் இருந்தபோது ஞானஸ்நானமும் எடுத்துக்கொண்டான். அதற்கே வீட்டில் பெரிய சண்டை. இப்போது சேவை முடிந்துவிட்டது. பல்கலைக்கழகம் போகும் முன் 2 ஆண்டு மிஷன், அதாவது வெளியூர் போய் மதம் பரப்பும் ஊழியம், என்று விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறான். எந்த நாடு என்றுகூட அவனுக்குத் தெரியாதாம். எங்கள் புளோக்கில் கறுப்பு பேட்ஜ் குத்திய அந்தச் சபைப் பிள்ளைகள் இரண்டு பேர் வருவார்கள், யாரும் கதவைத் திறப்பதில்லை. என் பிள்ளையும் ஏதோ ஓர் ஊரில் அப்படி நிற்கப் போகிறானா என்று நினைத்தால் தூக்கம் வருவதில்லை. அந்த மதம் சரியா தவறா என்று நான் கேட்கவில்லை. அங்கே அவனுக்கு என்ன நடக்கும், நான் என்ன செய்ய வேண்டும், அதைச் சொல்லுங்கள்.

ச.

அன்புள்ள ச. அவர்களுக்கு,

கதவு சாத்தப்படுவதை எண்ணிக் கவலைப்படுகிறீர்கள். அது சில வாரங்களில் பழகிவிடும். பழகச் சிரமமானது, எப்போதும் கூடவே இருக்கும் இன்னோர் ஊழியர்தான். உங்கள் மகனின் 2 ஆண்டும் நல்லபடி போகுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதுதான்.

மிஷன் ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். ஊரையும் மொழியையும் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் உள்ள சபைத் தலைமை முடிவு செய்கிறது, விண்ணப்பிப்பவர் தேர்ந்தெடுக்க முடியாது. அதனால்தான் உங்கள் மகனால் நாட்டின் பெயரைச் சொல்ல முடியவில்லை. உங்களிடம் எதையும் மறைக்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவர் ஞானஸ்நானம் எடுத்து ஓராண்டாவது காத்திருக்க வேண்டும், மருத்துவர், பல் மருத்துவர் பரிசோதனை உண்டு, உள்ளூர்த் தலைவர்கள் நேர்காணலும் செய்வார்கள்.

போன இடத்தில் இருவர் இருவராகத்தான் வேலை. உடன் இருப்பவரைக் கம்பேனியன் என்பார்கள். வழக்கமான அட்டவணைப்படி காலை 6.30க்கு எழ வேண்டும், இரவு 10.30க்கு விளக்கணைக்க வேண்டும். இடத்துக்கேற்பச் சற்று முன்பின் இருக்கும். இடைப்பட்ட நேரம் முழுவதும் ஒருவர் மற்றவரின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலும் குளியலறையில் மட்டும்தான் தனிமை. தேசிய சேவையில் பழகிவிட்டானே என்று நினைப்பீர்கள். முகாமில் ஒருவனோடு ஒத்துப்போகவில்லை என்றால் அடுத்த கட்டிலில் இன்னொருவன் இருப்பான், வார இறுதியில் புக் அவுட் செய்து உங்கள் கைச்சோறு சாப்பிட வந்துவிடலாம். இங்கே இருப்பது ஒரே ஒருவர், அவரையும் இவன் தேர்ந்தெடுக்கவில்லை. ஏறக்குறைய 6 வாரத்துக்கு ஒருமுறை மாற்றல் அறிவிப்பு வரும். அதில் ஆள் மாறலாம், ஊர் மாறலாம், ஒன்றுமே மாறாமலும் இருக்கலாம்.

சண்டை வேதவசனத்தில் தொடங்குவது குறைவு. சமையலறைத் தொட்டியில்தான் பெரும்பாலும் தொடங்கும். ஒருவர் சோற்றுப் பானையை ஊறப் போட்டுவிட்டுத் தூங்கப் போவார். மற்றவர் காலையில் அதைக் கழுவுவார், எதுவும் சொல்லமாட்டார். நான்காவது நாள் தெருவில் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கும்போது இவர் பேச்சை அவர் வெட்டுவார். பானைக் கோபம் அங்கே வந்து நிற்கும். இதற்காகவே வாரத் திட்டமிடலின் முடிவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். இருவரும் உட்கார்ந்து, மற்றவரிடம் பிடித்தது என்ன, தொந்தரவாக இருப்பது என்ன என்று பேசி, அடுத்த வாரத்துக்கு எதையாவது மாற்றிக்கொள்ள ஒப்புக்கொள்வார்கள். நேரமில்லை என்று முதலில் இதைத்தான் விடுவார்கள், விடக்கூடாதது இதுதான். இங்கே பேசும் விதம் முக்கியம். "நீ எப்போதும் இப்படித்தான்" என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "நேற்று ராத்திரி பானை கழுவாமல் கிடந்தது, இனி சாப்பிட்ட உடனே கழுவலாமா" என்றால் வேலை நடக்கும். நம் வீடுகளில் ஆண்பிள்ளைகளுக்கு இந்தப் பேச்சை யாரும் கற்றுத்தருவதில்லை. இன்னும் சில மாதங்கள் உங்களோடு இருக்கிறான், வீட்டிலேயே பழக்குங்கள்.

முதல் 12 வாரம் அனுபவமுள்ள ஒருவரோடு பயிற்சி. புது மொழி, தூக்கக் குறைவு, வீட்டு நினைவு மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து அழுத்துவது அப்போதுதான். அடுத்த அழுத்தம் எண்களால் வருவது. இந்த வாரம் புதிதாகக் கற்கத் தொடங்கியவர்கள் எத்தனை பேர், ஞாயிறு ஆராதனைக்கு வந்தவர்கள் எத்தனை பேர், ஞானஸ்நானத்துக்குத் தேதி குறித்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்குக் கொடுக்க வேண்டும். பூச்சியமாகவே போகும் வாரங்கள் நிறைய இருக்கும். பக்தியுள்ள பிள்ளை அதைத் தன் பாவக்கணக்காக எடுத்துக்கொள்வான். அடுத்தவர் மனத்தை மாற்றுவது அவன் கையில் இல்லை. வாரம் முழுவதும் உண்மையாக உழைத்தானா என்பது மட்டும்தான் அவன் கையில் இருக்கிறது.

வீட்டோடு பேசுவதைப் பற்றிய பயம் வேண்டாம். முன்பு அன்னையர் தினத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும்தான் அழைக்கலாம். 2019 பிப்ரவரியிலிருந்து வாராந்தர ஓய்வு நாளில், காணொளியிலும், பேசலாம். துணி துவைப்பது, மளிகை வாங்குவது எல்லாம் அன்றைக்குத்தான், அதனால் நீண்ட நேரம் கிடைக்காது. "நல்லா இருக்கியா, சாப்பிட்டியா" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்மா" என்றுதான் பதில் வரும். "இப்ப உன்கூட இருக்கிறவர் எந்த ஊர்? யார் சமைக்கிறது? ராத்திரி படுத்ததும் தூக்கம் வருதா?" என்று கேளுங்கள். இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் அந்தப் பகுதி ஊழியர்களுக்குப் பொறுப்பான மிஷன் தலைவரிடம் சொல்லச் சொல்லுங்கள். உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் உதவ அங்கே ஏற்பாடு உண்டு.

அதையும் மீறி முடியாமல் போய், 24 மாதம் முடியும் முன்னரே திரும்பி வரும் பிள்ளைகள் உண்டு. வெளியே சொல்லப்படாத பெரிய வலி இதுதான். சபையில் சிலர் ஒருமாதிரி பார்ப்பார்கள். சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில், "என்ன, அதுக்குள்ள வந்துட்டான்?" என்பார்கள். நீங்கள் சபைக்கு வெளியே இருப்பது இங்கே அவனுக்கு நல்லது. "எப்ப வந்தாலும் உன் அறை அப்படியேதான் இருக்கும்" என்று போகும் முன்னரே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்னால் சீக்கிரம் வந்துவிடுவானோ என்று அஞ்ச வேண்டாம். திரும்ப இடமில்லை என்று நினைப்பவன்தான் நோயை மறைப்பான்.

முழுக்காலமும் முடித்து வருபவனுக்கும் முதல் சில வாரம் கஷ்டம்தான். பேட்ஜைக் கழற்றியதும் பக்கத்தில் ஆள் இல்லை, அட்டவணை இல்லை. அப்போது தனியாக எம்ஆர்டி ரயில் ஏறுவதே விசித்திரமாக இருக்கும். வந்த மறுநாளே வேலை தேடச் சொல்லி நெருக்காதீர்கள்.

காகித வேலைகள்: முழுநேரத் தேசிய சேவை முடித்தவரும் நீண்ட நாள் வெளிநாட்டில் இருக்க அனுமதி தேவை, அதை இப்போதே விசாரிக்கச் சொல்லுங்கள். பல்கலைக்கழக இடத்தை ஒத்திவைக்க முடியும் என்று யாராவது சொன்னால் எழுத்தில் வாங்குங்கள். கடவுச்சீட்டு 2 ஆண்டையும் தாண்டிச் செல்லுபடியாக வேண்டும். இந்த ஊழியத்துக்குச் சம்பளம் கிடையாது, குடும்பமோ பிள்ளையோ மாதாமாதம் பணம் கட்டுவார்கள். அமெரிக்கப் பிள்ளைகளுக்கு 2020இலிருந்து மாதம் 500 அமெரிக்க டாலர். இங்கே எவ்வளவு என்று அவனுடைய ஆயரிடம், அதாவது உள்ளூர்ச் சபைத் தலைவரிடம், நீங்களே நேரில் கேளுங்கள். கேட்பது தவறில்லை.

உங்கள் புளோக்குக்கு வரும் அந்த இருவரும் யாரோ ஓர் அம்மாவின் பிள்ளைகள். பேச விருப்பமில்லை என்றால் "ஆர்வமில்லை, நன்றி" என்று முகம் பார்த்துச் சொல்லுங்கள். நாம் மரியாதைக்காகச் சொல்லும் "பிறகு வாங்க" அவர்களுக்குப் புரியாது, கைப்பேசியில் நாள் குறித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். உங்கள் மகனும் போகும் ஊரில் இத்தகைய சொற்களைப் பட்டுத்தான் கற்பான். வெயிலில் வந்தவர்களுக்கு ஏதாவது கொடுக்கத் தோன்றினால் தேநீரும் கோப்பியும் வேண்டாம், அவர்கள் குடிப்பதில்லை. மைலோ கொடுக்கலாம். பெண் ஒருவர் மட்டும் வீட்டில் இருந்தால் ஆண்பிள்ளைகள் உள்ளே வர மறுப்பார்கள், அது அவர்கள் விதி. வாசலிலேயே கொடுங்கள்.

பெட்டியில் ஊறுகாய் வைப்பதைவிட, ரசம், பருப்பு, முட்டைக் குழம்பு மூன்றையும் 40 நிமிடத்தில் ஒரே அடுப்பில் சமைக்க அவனுக்குக் கற்றுக்கொடுங்கள். இருவருக்கு ஒன்றரைக் குவளை அரிசி போதும். பானையை அன்றிரவே கழுவச் சொல்லுங்கள்.