தே ஓ குடித்த பெரியவர்: குறும்பட முன்னோட்டத்துக்கும் அனுமதி வேண்டுமா?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப் பட்டணத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார்.

“அக்கா, நாங்க அஞ்சு பேர் சேந்து 14 நிமிஷத்துல ஒரு குறும்படம் எடுத்திருக்கோம். கித்தா (ரப்பர்) மரத்தை அழிச்சு செம்பனை போட்டப்ப லயத்த (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) விட்டு வெளியேறுன குடும்பங்களப் பத்தின கதை. அடுத்த மாசம் தாமான் (குடியிருப்புப் பகுதி) மண்டபத்துல போடப் போறோம். அதுக்கு முன்னால ஒன்றரை நிமிஷ முன்னோட்டத்த யூடியூப்ல ஏத்தலாம்னு இருக்கோம். பழைய சினிமாப் பாட்டு ஒரு 8 விநாடி வருது. லைசென்ஸ், அனுமதி எல்லாம் வேணுமா? முன்னோட்டம்தானே, யாரு கேக்கப் போறா?”

முன்னோட்டத்தையும் அனுப்பியிருந்தார். மூன்று முறை பார்த்தேன். நன்றாகவே வெட்டியிருக்கிறார்கள். என்னை நிறுத்தியது பாட்டு இல்லை, 41-ஆவது விநாடி.

ஓர் ஒட்டுக்கடை. பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெரியவர். கண்ணாடிக் கிளாஸைத் தூக்கி ஒரு மடக்குக் குடித்துவிட்டு வாயைத் துடைக்கிறார். மொத்தம் 3 விநாடி. பின்னால் ஒரு பெண் குரல்: “சம்சு குடிச்சே பாதி லயம் காலியாச்சு.” சம்சு என்பது மலிவுச் சாராயம்.

தம்பியிடம் கேட்டேன், கிளாஸில் என்ன? “தே ஓ அக்கா. காலையில கடையில உக்காந்திருந்தாரு, சும்மா எடுத்தோம்.” பால் சேர்க்காத வெறும் தேநீர். படத்தில் அந்தக் காட்சி எங்கே வருகிறது? இரண்டாவது நிமிடத்தில், பட்டணம் விழித்தெழும் இடத்தில். அங்கே அவர் காலைப் பசியாறும் ஒரு தாத்தா, அவ்வளவுதான். முன்னோட்டத்தில் அவரே தோட்டத்தை அழித்த குடிகாரர் ஆகிவிட்டார். யாரும் அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெட்டி ஒட்டியதிலேயே அந்தப் பொருள் வந்துவிட்டது.

உங்கள் கேள்விக்குப் பதில் இந்த 3 விநாடிக்குள்ளேயே இருக்கிறது, தம்பி. படத்தில் பக்கத்தில் நிற்கும் காட்சிகள் ஒன்றுக்கொன்று துணை. முன்னோட்டத்தில் அந்தத் துணை போய்விடுகிறது. அதனால் படத்துக்கு வாங்கிய அனுமதி முன்னோட்டத்துக்கும் சேரும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முன்னோட்டத்தை வேறொரு படமாக நினைத்து, ஒவ்வொரு ஷாட்டையும் புதிதாகக் கேள்வி கேளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? மலேசியாவின் 1957-ஆம் ஆண்டு அவதூறுச் சட்டமும் நீதிமன்றத் தீர்ப்புகளும் சேர்ந்து அமைத்த பாதை இது: ஒருவரின் மதிப்பைக் குறைக்கும் செய்தி வெளியாக வேண்டும்; அது அவரைத்தான் குறிக்கிறது என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். பெயர் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. கோலாலம்பூரில் அந்தப் பெரியவர் யாரோ ஒருவர். உங்கள் பட்டணத்தில் பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தைக்கு வரும் அத்தனை பேருக்கும் அவர் இன்னார் வீட்டுத் தாத்தா. “அப்படி நினைச்சு எடுக்கல” என்பது இங்கே பெரிய தற்காப்பு ஆகாது. வழக்கு வருமா வராதா என்பது வேறு கணக்கு. அவருடைய பேத்தி அதைப் பள்ளியில் கைப்பேசியில் பார்க்கப் போகிறாள். எனக்கு அந்தக் கவலைதான் முதலில் வருகிறது.

இதே சிக்கல் 58-ஆவது விநாடியிலும் இருக்கிறது. தோட்ட நிறுவனத்தின் பெயர்ப்பலகை. அதன் மேலேயே “ஏமாத்திட்டாங்க” என்ற வசனம். படத்தில் 12-ஆவது நிமிடத்தில் இழப்பீடு கொடுத்ததைப் பற்றி முன்னாள் கிராணி (தோட்ட எழுத்தர்) ஒருவர் பேசுகிறார், இரண்டு பக்கமும் வந்துவிடுகிறது. முன்னோட்டத்தில் குற்றச்சாட்டு மட்டும் மிஞ்சுகிறது. உண்மை என்று நிரூபிக்க முடிந்தால் அது தற்காப்புதான். ஆனால் நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். பலகையை எடுத்துவிடுங்கள், அல்லது வசனத்தை வேறு இடத்தில் வையுங்கள். அந்தக் குரலுக்குக் காலியான லயத்துக் கதவு ஒன்றே போதும்.

அனுமதிப் படிவம் என்றதும் பலர் இணையத்திலிருந்து நாலு பக்க ஆங்கிலத்தை இறக்கி நீட்டுகிறார்கள். பால்மரம் வெட்டிய கிழவி அதில் கைநாட்டு வைத்து என்ன பயன்? தமிழில் இரண்டு வரி எழுதுங்கள், நீங்களே வாசித்துக் காட்டுங்கள்:

“என் உருவமும் குரலும் இந்தக் குறும்படத்திலும், அதன் முன்னோட்டத்திலும், சுவரொட்டியிலும், சமூக ஊடகத் துணுக்குகளிலும் வரச் சம்மதிக்கிறேன். வெளியாகும் முன் முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டேன்.”

கீழே பெயர், தேதி, கையெழுத்து. இரண்டாவது வாக்கியம் சட்டத்துக்காக மட்டும் இல்லை. அதை எழுதிவிட்டால் நீங்கள் காட்டித்தான் ஆக வேண்டும். (அடையாள அட்டையைப் படம் பிடித்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட்டுவைக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். ஐந்து பேர் கைப்பேசியில் ஊர்க்காரர் அத்தனை பேரின் அடையாள அட்டை எதற்கு?)

அடுத்தது தீமிதி. மாரியம்மன் கோயில் திருவிழாவில் எடுத்ததற்கு ஆலயத் தலைவர் சம்மதித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. ஆனால் சாமி வந்து ஆடும் அந்த அம்மாவின் முகம் முழுத்திரையில் வருகிறது. பின்னால் பேய்ப்படத்து இரைச்சல் போல ஓர் இசை. கோயில் நிர்வாகம் இடத்துக்கு அனுமதி தரலாம், அவர் முகத்துக்குத் தர முடியாது. தன்னினைவு இல்லாத நேரத்தில் எடுத்த முகத்தை, அவர் தெளிந்தபின் காட்டிக் கேட்காமல் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இசையை மாற்றினாலே பாதிக் குற்றம் போகும். மீதிக்கு அவரைப் பார்க்க வேண்டும். சமய உணர்வைத் தொடும் காணொளி புகாராகும்போது அது 1998-ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவு வரை போகலாம். 2025 பிப்ரவரி 11 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தில் அதன் அதிகபட்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக ஏறிவிட்டது, சிறை 2 ஆண்டு வரை.

இனி அந்த 8 விநாடி. “7 விநாடிக்குள்ள இருந்தா பரவால்ல”, “30 விநாடி வரைக்கும் ஃப்ரீ”, “கீழே நன்றி போட்டுட்டா போதும்” என்று ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். மலேசியாவின் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் இப்படி ஒரு விநாடிக் கணக்கு கிடையாது. நியாயமான பயன்பாட்டுக்கு அது இடம் தருகிறது. விமர்சனம், செய்தி, ஆய்வு, பகடி போன்ற காரணங்களுக்கு. காட்சிக்கு உருக்கம் சேர்க்க ஒரு பாட்டை ஓடவிடுவது இதில் எதுவும் இல்லை. நன்றி போடுவது நல்ல பழக்கம், அது உரிமம் ஆகாது.

முன்னோட்டம் என்றால் விட்டுவிடுவார்கள் என்பதும் கனவு. 2024-இல் ரஜினிகாந்த் படமொன்றின் பெயர் அறிவிப்பு டீசர் வந்த சில நாட்களிலேயே, தன் பழைய பாட்டின் இசை அதில் அனுமதியின்றி வந்திருக்கிறது என்று இளையராஜா தயாரிப்பு நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது உங்களுக்கு நினைவிருக்கும். படம் வெளிவர ஓராண்டுக்கு மேல் இருந்தது. டீசருக்கே அந்த நோட்டீஸ்.

ஒரு சினிமாப் பாட்டில் குறைந்தது இரண்டு உரிமை உண்டு. மெட்டும் வரியும் ஒன்று, பதிவான ஒலி இன்னொன்று. அதனால் நண்பரை வைத்து அதே பாட்டைப் புதிதாகப் பாட வைத்தாலும் முதல் உரிமை அப்படியே நிற்கும். அசல் பாடகர் குரலைச் செயற்கை நுண்ணறிவில் வரவழைப்பது அதைவிட மோசம், அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

யூடியூப்பில் நடப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். காணொளியை ஏற்றியதும் அதன் தானியங்கி முறை பாட்டைக் கண்டுபிடிக்கும். உரிமையாளர் விருப்பப்படி விளம்பர வருமானம் அவருக்குப் போகும், இல்லையென்றால் காணொளி சில நாடுகளிலோ எல்லா இடத்திலுமோ முடங்கும். நீங்கள் மறுத்தால் பதில் சொல்ல அவருக்கு 30 நாள் அவகாசம். உங்கள் திரையிடல் அதற்குள் முடிந்துவிடும். அவர் முறைப்படி நீக்கக் கோரினால் அது எச்சரிக்கைப் புள்ளி. 90 நாளுக்குள் மூன்று சேர்ந்தால் சேனலே போகலாம்.

இதில் நானும் அடி வாங்கியவள்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆவணப்படத்துக்கு நண்பர் ஒருவர் காசு வாங்காமல் இசை போட்டுக் கொடுத்தார். எல்லாம் வாய்ப்பேச்சு. நடுவில் எங்களுக்குள் மனஸ்தாபம். முன்னோட்டம் வெளியான அன்று மாலை அழைத்தார்: “படத்துக்குத்தானே கொடுத்தேன், இதுல போடச் சொன்னது யாரு?” அவர் பக்கம் நியாயம் இருந்தது. பதிப்புரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம், என்னிடம் ஒரு புலனச் செய்திகூட இல்லை. இரவோடு இரவாக ஈப்போவில் ஒரு ஸ்டூடியோவில் உட்கார்ந்து, இசையே இல்லாமல் மழைச் சத்தத்தில் மறுபடி வெட்டினோம்.

உங்களுக்கு நான் சொல்லும் மாற்று உங்கள் பட்டணத்திலேயே இருக்கிறது. உறுமி மேளக் குழு. நீங்களே படத்தில் காட்டியிருக்கிறீர்கள். அவர்களை ஒரு மாலை உட்கார வைத்துப் பதிவு செய்யுங்கள். பரம்பரை அடிக்கு யாருக்கும் பதிப்புரிமை இல்லை. ஆனால் அன்று அவர்கள் அடித்ததற்கு நிகழ்த்துநர் உரிமை உண்டு, அதனால் “படத்துக்கும் முன்னோட்டத்துக்கும்” என்று ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள். கையில் ஏதாவது கொடுங்கள். நம்ம பிள்ளைகள்தானே என்று சும்மா அடிக்க வைக்காதீர்கள்.

லைசென்ஸ் விஷயம். பினாஸ் எனப்படும் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகத்தின் 1981-ஆம் ஆண்டுச் சட்டம், 22-ஆவது பிரிவில், உரிமம் இல்லாமல் படத் தயாரிப்பு, விநியோகம், திரையிடலில் ஈடுபடக் கூடாது என்கிறது. அபராதம் 50,000 ரிங்கிட் வரை, சிறை 2 ஆண்டு வரை, அல்லது இரண்டும். 2021 ஜூலையில் சமூக ஊடகக் காணொளிக்கும் இது பொருந்தும் என்பதுபோல் நாடாளுமன்றத்தில் பதில் வந்து பெரிய கூச்சல் ஆனது. பிறகு சாதாரணப் பயனர்களுக்கு உரிமம் தேவையில்லை என்று அமைச்சர் விளக்கினார். உங்கள் படம் டிக்டாக் துணுக்கு இல்லை, கதையும் நடிகரும் திரையிடலும் உள்ளது. ஆகவே உரிமம் உள்ள ஒரு தயாரிப்பு நிறுவனத்தின் நிழலில் செய்வது நல்லது. சிறு குழுக்கள் பலவும் அப்படித்தான் செய்கின்றன. எதற்கும் பினாஸுக்கு மின்னஞ்சலில் எழுதிக் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

யூடியூப்பைவிட எனக்கு உங்கள் தாமான் மண்டபம்தான் உறுத்துகிறது. 2002-ஆம் ஆண்டு திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி, தணிக்கை வாரியத்தின் ஒப்புதல் இல்லாத படத்தையும் அதன் விளம்பரப் பொருளையும் திரையிடுவது குற்றம். அழைக்கப்பட்டவர்கள் மட்டும் பார்க்கும் சிறிய திரையிடல் என்றால் தப்பில்லை என்று நினைக்காதீர்கள். இலங்கைப் போரின் இறுதி நாட்களைப் பற்றிய ஆவணப்படத்தை 2013-இல் கோலாலம்பூர் மண்டபத்தில் போட்டதற்காக லீனா ஹென்ட்ரி என்ற மனித உரிமை ஆர்வலர் மீது இந்தச் சட்டத்தில் வழக்குத் தொடர்ந்தார்கள். 2017-இல் 10,000 ரிங்கிட் அபராதத்தில் முடிந்தது. அந்த வழக்கு எனக்குச் சரியாகப் படவில்லை, அது வேறு பேச்சு. சட்டம் இன்னும் இருக்கிறது. உள்துறை அமைச்சில் உள்ள வாரியத்துக்குப் படத்தையும், மண்டபத்தில் போடப்போகும் முன்னோட்டத்தையும், சுவரொட்டியையும் இப்போதே அனுப்புங்கள். ஒரு மாதம் அதிக நாள் இல்லை.

டிரோன் ஷாட் அழகாக இருக்கிறது. தோட்டம் தனியார் நிலம், ஆகவே தோட்ட அலுவலகத்தின் எழுத்து அனுமதி. பறக்கவிட வான் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள். வான்வழிப் படமெடுப்புக்கு நில அளவைத் துறை. மூன்றும் இல்லையென்றால் அந்த ஷாட்டை மறந்துவிடுங்கள்.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ஓடிவரும் காட்சியில் ஒரு சிறுமியின் பெயர்ப்பட்டையை என்னால் வாசிக்க முடிகிறது. பள்ளிச் சின்னமும் தெரிகிறது. வீட்டு முகவரி மட்டும்தான் பாக்கி. பெற்றோர் கையெழுத்து கட்டாயம். பள்ளி வளாகத்துக்குத் தலைமையாசிரியரின் வாய்ச்சொல்லோடு நிற்காமல் கல்வி இலாகாவிடமும் கேளுங்கள். 15 வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சம்பளத்துக்கு நடிக்க வைத்திருந்தால் 1966-ஆம் ஆண்டுச் சிறார் வேலைச் சட்டப்படி உரிமமும் வேண்டும்.

கடைசியாக அந்தக் கறுப்பு அட்டை: “இது உண்மைச் சம்பவம்”. படம் மூன்று குடும்பங்களின் கதைகளைக் கலந்து எழுதியது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் அட்டை பொய். அமெரிக்காவில் ஒரு படத்தின் முன்னோட்டத்தில் இருந்த நடிகை படத்தில் இல்லை என்று, 3.99 டாலர் கொடுத்து வாடகைக்குப் பார்த்த இரண்டு ரசிகர்கள் ஸ்டூடியோ மீது வழக்குப் போட்டார்கள். முன்னோட்டமும் வணிக விளம்பரம்தான் என்று 2022 டிசம்பரில் நீதிபதி சொன்னார். நம் நாட்டில் அது சட்டமில்லை. ஆனாலும் “உண்மைச் சம்பவம்” என்று போட்டுவிட்டால், ஊரில் அது யார், இது யார் என்று தேட ஆரம்பிப்பார்கள். அப்போது அந்தத் தே ஓ பெரியவர்தான் முதலில் மாட்டுவார். “தோட்டத்து மக்களின் அனுபவங்களைத் தழுவியது” என்று மாற்றுங்கள்.

நாளைக் காலையிலேயே ஒட்டுக்கடைக்குப் போங்கள். கைப்பேசியில் முன்னோட்டத்தை ஒலியோடு பெரியவருக்குக் காட்டுங்கள். படத்தைக் காட்டி முன்னோட்டத்துக்குச் சம்மதம் வாங்கிவிடாதீர்கள். அவர் வேண்டாம் என்றால் அந்த 3 விநாடிக்குப் பதிலாகக் காலி நாற்காலியைப் போடலாம். உங்கள் படத்தில் ஏழாவது நிமிடத்தில் அப்படியொரு ஷாட் ஏற்கெனவே இருக்கிறது. அவருடைய தே ஓவுக்கும் நீங்களே காசு கொடுத்துவிடுங்கள்.