போலந்து மக்களிடையே வெளிநாட்டவராக வாழ்வது எப்படி இருக்கும்? சிரிக்கவே மாட்டார்களாமே?

காரணமில்லாமல் சிரிக்கமாட்டார்கள், அவ்வளவுதான். வந்த புதிதில் தெருவில் எதிரே வந்த ஒருவரைப் பார்த்துப் புன்னகைத்தேன். அவர் நின்று, குனிந்து, தன் சட்டைப் பொத்தான்களைச் சரிபார்த்துக்கொண்டார். அன்றோடு அந்தப் பழக்கத்தை நிறுத்திவிட்டேன்.

நான் தஞ்சாவூர்க்காரன். மென்பொருள் வேலைக்காக வ்ரொத்ஸ்வாஃப் நகரத்துக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. (ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்தால் 'ரோக்லா' என்று வரும். அப்படிச் சொன்னால் இங்கே ஒருவருக்கும் புரியாது.) ஓட்ரா ஆற்றுக்கு வடக்கே நடோட்ஜே என்ற பழைய பகுதியில், லிஃப்ட் இல்லாத ஒரு பழங்காலக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறேன். வார்சாவில் இருப்பவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்லக்கூடும்.

சிரிக்காதவர்கள் வணக்கம் சொல்வதில் மட்டும் குறை வைப்பதில்லை. மாடிப்படியில் யாரைக் கண்டாலும் 'ஜெஞ் டொப்ரி'. சின்னக் கடைக்குள் நுழைந்தால் ஒருமுறை, மருத்துவரின் காத்திருப்பு அறைக்குள் நுழைந்தால் அங்கே இருமிக்கொண்டிருக்கும் அத்தனை பேருக்கும் பொதுவாக ஒருமுறை. அதற்கு அடுத்து, "கடைசியாக வந்தவர் யார்?" என்று கேட்கவேண்டும். ஒருவர் கையை உயர்த்துவார். அவருக்குப் பின்னால் நாம் என்று மனதில் குறித்துக்கொண்டு எங்கு வேண்டுமானாலும் உட்காரலாம். வரிசை என்று எதுவும் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதை மீறியும் விடமுடியாது. வணக்கம் சொல்லாமல் நுழைபவன்தான் இவர்கள் கணக்கில் முரடன்.

'எப்படி இருக்கிறீர்கள்?' என்று சும்மா கேட்டுவிடாதீர்கள். கேட்டால் உண்மையான பதில் வரும்: முழங்கால் வலி, மருமகன், எரிவாயுக் கட்டணம். நன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும் 'யாகோஷ் லெச்சி' என்பார்கள். 'ஏதோ ஓடுகிறது' என்று நம் ஊர்க் கடைக்காரர் சொல்வதை அப்படியே போலிஷில் எழுதியதுபோல இருக்கும். அதைக் கேட்டபோதுதான் இந்த மக்களோடு ஒத்துப்போகலாம் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது.

கடினமான விஷயம் மரியாதை. நம் 'நீ', 'நீங்கள்' போதாது. ஆணுக்குப் 'பான்', பெண்ணுக்குப் 'பாஞி' என்று சொல்லி, வினைச்சொல்லைப் படர்க்கையில் போடவேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவரிடமே "பாஞி தேநீர் குடிப்பாரா?" என்று கேட்கவேண்டும். பெரிய மனிதரின் முகத்துக்கு நேரே "ஐயா சாப்பிடுகிறார்களா?" என்று கேட்ட நம் பழைய வழக்கத்தை நினைத்துக்கொண்டால் பிடிபட்டுவிடும். இதிலிருந்து 'தி', அதாவது 'நீ' என்பதற்கு இறங்கவேண்டுமானால் யாராவது ஒருவர் முன்மொழிய வேண்டும். வயதில் மூத்தவர்தான் முன்மொழியலாம். ஆணும் பெண்ணும் என்றால் பெண். நாமாக இறங்கிவிட்டால் அறையில் சட்டென்று குளிர் கூடும்.

எனக்குக் கீழ்வீட்டில் ஓர் அம்மையார் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர், கணவர் இல்லை. உண்மைப் பெயரை எழுதமாட்டேன். பாஷா என்று வைத்துக்கொள்வோம். பார்பரா என்பது வீட்டில் அப்படித்தான் சுருங்கும். எனக்குப் பாஷை கற்றுக்கொடுத்தவருக்குப் பொருத்தமாகவும் இருக்கிறது. முதல் ஆண்டு முழுவதும் எங்களுக்குள் 'ஜெஞ் டொப்ரி' மட்டும்தான். ஒருநாள் அவருக்கு வந்த பார்சலை நான் வாங்கி வைத்திருந்தேன். கதவைத் தட்டி, வாசலுக்கு வெளியே நின்றபடி நீட்டினேன். அவர் பார்சலை விட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தார். வாசற்படிக்கு மேலாகக் கை கொடுக்கவும் கூடாதாம், எதையும் வாங்கவும் கூடாதாம். "எங்கள் ஊரிலும் அப்படித்தான்" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை போலிஷில் சொன்னேன். அவர் நம்பவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டோம். வெளியே கிளம்பியவர் மறந்துபோன பொருளுக்காகத் திரும்பி வந்தால் உட்கார்ந்து பத்துவரை எண்ணிவிட்டுத்தான் மறுபடி கிளம்பவேண்டும் என்பது அவர் சாத்திரம். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போ என்பது என் அம்மாவின் சாத்திரம். கண் படாமல் இருக்கக் குழந்தையின் தள்ளுவண்டியில் சிவப்பு நாடா கட்டுகிறார்கள். நாம் கன்னத்தில் மை வைக்கிறோம். மொய்ப்பணத்தில் நூற்றோடு ஒன்று சேர்ப்பதைச் சொன்னபோது அவர் மேசையைத் தட்டினார். இங்கே பூங்கொத்தில் பூக்கள் ஒற்றைப்படையாகத்தான் இருக்கவேண்டும். இரட்டைப்படை சாவு வீட்டுக்கு.

இதை அவர் எனக்குச் சொல்லும்படி ஆனதற்கு ஒரு பின்கதை உண்டு. இங்கே பிறந்தநாளைவிடப் பெயர் நாளைக் கொண்டாடுபவர்கள் அந்தத் தலைமுறையில் அதிகம். நாட்காட்டியில் ஒவ்வொரு தேதிக்கும் கீழே சில பெயர்கள் அச்சிட்டிருக்கும். அவருடைய நாள் நவம்பர் முதல் வாரத்தில் வந்தது. பூக்கடையில் சாமந்தி மலைபோலக் குவிந்திருந்தது, விலையும் மலிவு. எவ்வளவு மங்களகரமான பூ! இரண்டு தொட்டிகள் வாங்கிக்கொண்டு போனேன். அவர் வாங்கி, தொட்டிகளைப் பார்த்து, என்னைப் பார்த்து, நன்றி சொல்லி, கேக் வெட்டிக் கொடுத்தார். விருந்தினருக்கென்று வைத்திருந்த துணிச் செருப்பையும் கொடுத்தார் (வெளிச் செருப்போடு யார் வீட்டுக்குள்ளும் போகமுடியாது. அந்த வகையில் நம் ஆட்கள்). மறுநாள் அலுவலகத்தில் சொன்னபோது ஒருவருக்குக் காபி புரையேறிவிட்டது. சாமந்தி இங்கே கல்லறைக்கு மட்டுமே போகும் பூ. நவம்பர் 1 அன்று எல்லோரும் கல்லறைக்குப் போவார்கள். கடையில் குவிந்திருந்தது அன்றைக்கு விற்காமல் மிஞ்சிய சரக்கு. அதிலும் இரண்டு! மன்னிப்புக் கேட்கப் படியிறங்கினேன். தொட்டிகள் ஏற்கெனவே அவர் கணவரிடம் போய்ச் சேர்ந்திருந்தன. "அவருக்கு மஞ்சள் பிடிக்கும்" என்றார்.

மொழியைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். ஏழு வேற்றுமை என்பார்கள். எட்டு வேற்றுமையைப் பள்ளியில் ஒப்பித்தவர்கள் ஏழுக்கா பயப்படுவது? நம் விளி வேற்றுமைகூட அங்கே இருக்கிறது. பாஷாவை அழைக்கும்போது 'பாஷு' என்று ஆகும். 'ஞ' அவர்களுக்கும் உண்டு. டொப்ரியின் ஈற்றொலியும் உண்மையில் இகரம் இல்லை, நம் 'காற்று' முடிகிற குற்றியலுகரத்துக்குத்தான் அது நெருக்கம். என் கழுத்தைப் பிடித்தது வேறு. ஒரு ஸ்வோட்டி, இரண்டு ஸ்வோட்டே, ஐந்து ஸ்வோட்டிஹ் என்று எண்ணிக்கை மாற மாறக் காசின் பெயரும் மாறும். இறந்தகாலத்தில் 'நான்' கூட ஆணா பெண்ணா என்று கேட்கும். 'இருந்தேன்' என்பதற்கு ஆண் 'பிவெம்' என்றும் பெண் 'பிவாம்' என்றும் சொல்லவேண்டும். நான் மொழி படித்தது பாஷாவிடம். ஆகவே ஏறத்தாழ ஓராண்டு காலம் அலுவலகக் கூட்டங்களில் ஒரு வயதான பெண்மணியைப்போலப் பேசிக்கொண்டிருந்தேன். ஒருவரும் திருத்தவில்லை. அழகாக இருந்ததாம்.

சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை, சைவர்களுக்கும். 'பியெரோகி ருஸ்கியே' என்று கேளுங்கள். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் அடைத்து வேகவைத்த கொழுக்கட்டை. ஆனால் மேலே பன்றிக்கொழுப்பு வறுத்துத் தூவுவார்கள் என்பதால் 'பெஸ் ஸ்க்வாரெக்' என்று சேர்த்துச் சொல்லவேண்டும். கடையில் 'மஷ்லான்கா' என்று அட்டைப் பெட்டியில் விற்பது அசல் மோர். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் பெரிய கடைகள் மூடியிருக்கும் (2018இல் வந்த சட்டம்), எனவே சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அதற்கு மட்டும் என்னிடம் யோசனை எதுவும் இல்லை.

கசப்பையும் சொல்லவேண்டும். வாடகை வீடு தேடியபோது தொலைபேசியில் என் உச்சரிப்பைக் கேட்டதும் "வீடு போய்விட்டது" என்றவர்கள் நான்கு பேர். அரை மணி நேரம் கழித்துப் போலந்து நண்பன் அழைத்தபோது, அதில் இரண்டு வீடுகள் திரும்பி வந்திருந்தன. வசிப்பிட அனுமதி அட்டைக்கு விண்ணப்பித்துவிட்டுப் பதினான்கு மாதம் காத்திருந்தேன். அந்தப் பதினான்கு மாதமும், பாஸ்போர்ட்டில் குத்திக் கொடுத்த முத்திரையை வைத்துக்கொண்டு போலந்தில் சட்டப்படி இருக்க முடிந்தது, நாட்டைவிட்டு வெளியேயும் போயிருக்கலாம், ஆனால் புதிய விசா இல்லாமல் திரும்பி வந்திருக்க முடியாது. அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தை வீடியோவில் பார்த்தேன். இரவு டிராமில் ஒருமுறை, குடித்திருந்த ஒருவன் 'உன் ஊருக்குப் போ' என்று கத்தினான். வண்டி நிறைய ஆட்கள் இருந்தார்கள், எல்லோரும் கைப்பேசியைப் பார்த்தார்கள். ஒரு மாணவி மட்டும் எழுந்துவந்து, ஒன்றும் பேசாமல் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். ஆறு ஆண்டுகளில் அப்படி நடந்தது மூன்று முறை. மூன்று அதிகமா குறைவா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர்மாறான அனுபவமும் உண்டு. இந்தியா என்றதும் சில முதியவர்கள் "மகாராஜா!" என்பார்கள். இரண்டாம் உலகப்போரில் சோவியத் நாட்டிலிருந்து தப்பி வந்த போலந்துக் குழந்தைகளுக்கு 1942இல் பாலாச்சடி என்ற இடத்தில் முகாம் அமைத்துக் கொடுத்தார் நவாநகர் மன்னர் திக்விஜய்சிங்ஜி. வார்சாவில் அவர் நினைவாக 'நல்ல மகாராஜா சதுக்கம்' இருக்கிறது. தஞ்சாவூர்க்காரனான எனக்கும் குஜராத் மன்னருக்கும் என்ன உறவு? ஆனாலும் அந்தப் புண்ணியத்தில் எனக்கு இரண்டு துண்டு ஆப்பிள் கேக் கிடைத்திருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு விருந்தில், எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்காக மேசையில் ஒரு தட்டு காலியாக வைப்பார்கள். மிக உயர்ந்த வழக்கம். முதல் இரண்டு ஆண்டுகளும் எங்கள் கட்டடத்தில் அந்தத் தட்டுக்கு என்னைவிடத் தகுதியானவன் கிடையாது. யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டுவிட்டால் எதிர்பாராதவன் ஆகமுடியாது அல்லவா? மூன்றாம் ஆண்டு பாஷா முறைப்படி அழைத்தார். எனக்கென்று தனித் தட்டு வைத்தார். காலித் தட்டு காலியாகவே இருந்தது.

அன்றைக்குத்தான் அவர் குடும்பக் கதையைச் சொன்னார். 1945 வரை இந்த ஊர் ஜெர்மனியின் பிரெஸ்லாவ். போர் முடிந்து எல்லைகளை மேற்கே நகர்த்தியபோது ஜெர்மானியர்களை வெளியேற்றினார்கள். சோவியத் பக்கம் போய்விட்ட கிழக்குப் பகுதிகளிலிருந்து போலந்துக்காரர்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். அவருடைய பெற்றோர் லுவூவிலிருந்து, இன்றைய உக்ரைனின் லிவீவிலிருந்து, மூட்டை முடிச்சோடு வந்தவர்கள். யாரோ ஒரு ஜெர்மானியர் விட்டுப்போன மேசையில் முதல் விருந்தைச் சாப்பிட்டார்களாம். அதன்பின் பல ஆண்டுகள் அம்மா பெட்டியை முழுதாகப் பிரிக்கவில்லையாம், இதுவும் கைமாறிவிட்டால் என்ன செய்வது என்று.

அந்த இரவில்தான் "என்னை 'நீ' என்று கூப்பிடு" என்றும் முன்மொழிந்தார். பெரிய கௌரவம், மறுக்கக்கூடாது. ஆனால் எழுபது வயதுப் பெண்மணியைப் பெயர் சொல்லி, ஒருமையில்! என் நாக்கு எழவில்லை. வீடியோவில் அம்மாவிடம் கேட்டேன். "பாட்டி என்று கூப்பிடேன்" என்றார். உறவில்லாத பெண்ணை இங்கே பாட்டி என்று அழைத்தால் அடுத்த கேக் கிடைக்காது. கடைசியில் போலிஷிலேயே ஒரு நடுவழி கிடைத்தது: 'பாஞி பாஷு'. பெயரும் இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது. அவர் என்னை 'நீ' என்கிறார், நான் அவரை இப்படி அழைக்கிறேன். ஒருதலைப்பட்சமாக இருக்கிறது என்று அவ்வப்போது முறையிடுகிறார்.

இப்போது நவம்பர் 1 அன்று ஓசொபொவித்ஸே கல்லறைத் தோட்டத்துக்கு விளக்குப் பையைத் தூக்கிக்கொண்டு நானும் போகிறேன். மூடியிட்ட கண்ணாடிக் குடுவைகளில் மெழுகு விளக்குகள், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. நமக்குக் கார்த்திகை நினைவுக்கு வரும். கணவருக்கும் பெற்றோருக்கும் வைத்த பிறகும் ஒரு விளக்கு மிஞ்சியது. "உன் பாட்டிக்கு வை" என்றார். எங்கள் பாட்டிக்குக் கல்லறை கிடையாது, காவிரியில் கரைத்துவிட்டோம் என்றேன். கொஞ்சம் யோசித்தார். "அப்படியானால் பெரிய சிலுவையடியில் வை. கல்லறை தூரத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் அங்கேதான் வைப்போம். என் தாத்தாவும் லுவூவில்தான் கிடக்கிறார்." வைத்தேன்.

திரும்பும்போது வாசலில் சாமந்தி விற்றுக்கொண்டிருந்தார்கள். என் பார்வை போவதைக் கவனித்துவிட்டார். "அடுத்த வாரம் என் பெயர் நாள். இந்த முறையாவது உயிரோடு இருப்பவர்களுக்கான பூவாகப் பார்த்து வாங்கு."