கெல்லரில ஓடுற மிசினுக்கு நீரும் காசு கட்டுறீர், தம்பி

ஜேர்மனியில டோட்முண்டில வாடகைக்கு எடுத்த வீட்டின்ர கெல்லரில, அதுதான் நிலத்துக்குக் கீழ இருக்கிற அறையில, மின்சாரமும் சூடும் சேர்த்துத் தாற மிசின் ஓடுது, அந்தக் கரண்டையே வாங்கச் சொல்லி வீட்டுக்காரர் ஒப்பந்தம் நீட்டுறார், கையெழுத்து வைக்கலாமோ எண்டு கேட்டிருக்கிறீர். அவசரப்படாதையும். கரண்டை ஆரிட்ட வாங்கிறது எண்டது உம்மட விருப்பம். சூட்டைத்தான் மாத்த ஏலாது.

அந்த மிசினுக்கு இங்க பே-ஹா-கா-வே (BHKW) எண்டு சுருக்கப் பேர். எரிவாயு எஞ்சின் ஒண்டு டைனமோவைச் சுத்தும். காரில ரேடியேட்டரால வீணாப் போற சூடு இங்க ஹைசுங் (வீட்டைச் சூடாக்கிற குழாய்) தண்ணிக்குப் போகும். 'டாக்ஸ்' எண்ட பேர்போன மொடல் மிசின் 5.5 கிலோவாட் மின்சாரமும் ஏறக்குறைய 12.5 கிலோவாட் சூடும் தரும். நல்ல சாமான்தான், ஆனால் வருசம் முழுக்கச் சூடு வேணும் எண்ட இடத்திலதான் கட்டுப்படியாகும்: பெரிய மாடிவீடு, ஆஸ்பத்திரி, நீச்சல் தடாகம். தனி வீட்டில கோடையில குளிக்கிற தண்ணியைக் காய்ச்சிப்போட்டு நிண்டுபோகும்.

பிரச்சினை நெபன்கோஸ்டனில, அதுதான் வாடகைக்கு மேல கட்டுற செலவுக் கணக்கில. ஒரே எரிவாயுவில வீட்டுக்காரருக்கு ரெண்டு வரும்படி. மின்சாரத்துக்கு எரிஞ்ச பங்கைக் கழிச்சுப்போட்டு மிச்சத்தைத்தான் உம்மட சூட்டுக் கணக்கில போடலாம். பில் வந்தால் முதல் அந்தக் கழிச்ச வரியைத் தேடும். சூட்டுச் செலவில 50 முதல் 70 வீதம் உம்மட பாவனைப்படி, மிச்சம் வீட்டுப் பரப்பளவின்படி. கணக்கு வருசம் முடிஞ்சு 12 மாசத்துக்குள்ள பில் வராட்டி, பொதுவா மேலதிகக் காசு கேட்க ஏலாது. பில் கிடைச்சால் ஆட்சேபிக்க உமக்கும் 12 மாசம் இருக்கு. வாடகைக்காரர் சங்கத்தில சேர்ந்தால் அவையே பார்த்துத் தருவினம்.

எங்கட ஆக்கள் இதைக் கேக்காயினம். 'வார்ம்' வாடகை (சூட்டுக் காசும் சேர்த்துக் கட்டுறது) எண்டால் எல்லாம் அடங்கிச்சுது எண்டு யன்னலைச் சரிச்சுத் திறந்துபோட்டு ஹைசுங்கை முழுக்க விடுறவை ஒரு பக்கம். காசு மிச்சம் எண்டு அதைப் பூட்டிப்போட்டு, உள்ளுக்கையே உடுப்புக் காயவைச்சு, சுவரில பூஞ்சணம் பிடிச்சாப்பிறகு வீட்டுக்காரரைத் திட்டுறவை மற்றப் பக்கம்.

தமிழ்க் கடை, கோயில் எல்லாம் கேட்டிருக்கிறீர். பக்கத்து ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் தேருக்கு வாரும், எல்லாம் தெரியும்.

நான் வந்த எண்பதுகளின்ர கடைசியில மேல்மாடி அறையில கரியடுப்புத்தான். கரிக்கட்டியைக் கெல்லரில இருந்து வாளியில தூக்கி ஏறவேணும், விடியமுன்னம் நெருப்பு நூந்துபோகும். படியில தூள் விழுந்தால் கீழ்வீட்டு மனிசி சாமம் எண்டும் பாராமல் கதவைத் திறந்து கத்துவா. ஜேர்மன் ஏச்சு முழுக்க அவவிட்டத்தான் படிச்சனான். பிறகு வேலையிடத்தில அது நல்லா உதவிச்சுது.