சாப்பிட்டு எத்தனை நிமிடத்தில் வந்தது?

குழந்தைகளின் உணவு ஒவ்வாமை: வாசகர் கேள்வி – பதில்

வந்திருக்கும் கடிதங்களில் சந்தேகப்படும் உணவின் பெயர் தவறாமல் இருக்கிறது. எவ்வளவு கொடுத்தீர்கள், எத்தனை நேரம் கழித்து என்ன வந்தது என்பது பலவற்றில் இல்லை. மருத்துவருக்கு முதலில் வேண்டியது அதுதான். ரத்தப் பரிசோதனை அதற்குப் பிறகு.

எட்டு மாதக் குழந்தைக்குத் தக்காளி ரசம் சாதம் ஊட்டினால் வாயைச் சுற்றிச் சிவந்துவிடுகிறது. அரை மணி நேரத்தில் மறைந்தும் விடுகிறது. தக்காளி அலர்ஜியா?
– வாசகி, திருச்சி

அநேகமாக இல்லை. புளிப்பும் எச்சிலும் சேர்ந்து மென்மையான தோலை உறுத்துவதால் வரும் சிவப்பு இது. உணவு பட்ட இடத்தில் மட்டும் இருக்கும்; உப்பலாக இருக்காது. ஊட்டுவதற்கு முன் வாயைச் சுற்றி மெல்லியதாக வாசலின் தடவுங்கள். ஊட்டி முடித்ததும் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

அலர்ஜித் தடிப்பு வேறு மாதிரி. கொசுக்கடி போல உப்பும், அரிக்கும், உணவு படாத முதுகிலும் தொடையிலும்கூட வரும். ஒரு இடத்தில் அமுங்கி இன்னொரு இடத்தில் கிளம்பும். பெரும்பாலும் சில நிமிடங்களில், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும். உதடும் கண் இமையும் வீங்கலாம். மருத்துவரிடம் போய்ச் சேர்வதற்குள் மறைந்துவிடும் என்பதால் உடனே செல்போனில் படம் எடுத்துவையுங்கள்.

அலர்ஜியாகத் தோன்றும் வேறு சிலவும் உண்டு. சேனைக்கிழங்கு நாக்கை அரிப்பது அதிலுள்ள ஆக்ஸலேட் ஊசிப் படிகங்களால். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களைப் பிடித்ததும் ஐஸில் வைக்காவிட்டால் அலர்ஜி போன்ற அறிகுறிகளை உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துவிடும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. அதே குழம்பைச் சாப்பிட்ட பெரியவர்களுக்கும் முகம் சிவந்து தலை வலித்தால், குறை மீனில். குழந்தையின் உடம்பில் இல்லை.

இரண்டு மாதக் குழந்தை, தாய்ப்பால் மட்டும்தான். மலத்தில் ரத்தக் கீற்று வருகிறது. பசும்பால் புரத ஒவ்வாமையாக இருக்கலாம் என்கிறார் மருத்துவர். தாய்ப்பாலை நிறுத்தி ஆட்டுப்பால் கொடுக்கச் சொல்கிறார் மாமியார். கழுதைப்பால் ஒரு சங்கு புகட்டினால் சரியாகிவிடும் என்கிறார்கள் அக்கம்பக்கத்தில்.
– வாசகி, விருதுநகர்

தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம். நீங்கள் சாப்பிடும் பால் பொருட்களின் புரதம் மிகச் சிறு அளவில் தாய்ப்பாலில் வருகிறது. சில குழந்தைகளின் பெருங்குடல் அதற்கு எதிர்ப்புக் காட்டும். குழந்தை நன்றாகப் பால் குடித்து எடையும் ஏறுகிறது என்றால் இதில் ஆபத்து குறைவு. ஆசனவாயில் வெடிப்பு இருக்கிறதா என்பதையும் மருத்துவர் பார்த்திருக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது: 2 முதல் 4 வாரம் பால், தயிர், மோர், பனீர், சீஸ், பால்கோவா, பால் பவுடர் சேர்ந்த பிஸ்கட் எல்லாவற்றையும் முழுதாக நிறுத்துங்கள். நெய்யிலும் புரதத் துணுக்கு இருக்கும், அதுவும் வேண்டாம். அரைகுறையாக நிறுத்தினால் ஒன்றும் புரியாது. காபிக்கு விடும் பாலைக் கணக்கில் சேர்க்க மறப்பதுதான் வழக்கமாக நடப்பது. பெரும்பாலும் சில நாட்களிலிருந்து இரண்டு வாரத்துக்குள் ரத்தம் நிற்கும்.

நின்றதும் பலரும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். மருத்துவரிடம் சொல்லிவிட்டு மறுபடி பால் குடித்துப் பார்க்க வேண்டும். ரத்தம் திரும்ப வந்தால்தான் காரணம் பால் என்பது உறுதி. வராவிட்டால் இத்தனை நாள் இருந்த பத்தியம் தேவையற்றது. உறுதியானால் குழந்தைக்கு 9 முதல் 12 மாதம் ஆகும்வரை தொடர வேண்டியிருக்கும். அதுவரை உங்களுக்கு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மி.கி. கிடைக்கும், மீதிக்குக் கீரை, சிறுமீன் போக, மருத்துவர் தரும் மாத்திரை.

ஆட்டுப்பால், எருமைப்பால் புரதங்கள் பசும்பால் புரதத்தை ஏறத்தாழ ஒத்தவை. பசும்பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளில் பெரும்பாலானோருக்கு இவையும் ஒத்துக்கொள்ளாது. 'ஏ2' என்று விற்கும் பசும்பாலும் பால்தான். லாக்டோஸ் நீக்கிய பாலில் போனது சர்க்கரை. புரதம் அப்படியே இருக்கிறது. தெருவில் கறந்து தரும் கழுதைப்பால் காய்ச்சாத பால். இரண்டு மாதக் குழந்தைக்கு அதில் கிருமித்தொற்று அபாயம்தான் உண்டு, நோய் தீராது. தாய்ப்பால் கிடைக்காத குழந்தைக்குத்தான், புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்த சிறப்பு பால் பவுடரை மருத்துவர் எழுதித் தருவார்.

குழந்தை விட்டுவிட்டு வீறிட்டு அழுது, பச்சையாக வாந்தி எடுத்து, சிவப்பு ஜெல்லி போல மலம் போனால் அது குடல் செருகலாக இருக்கலாம். அப்போது ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

ஏழு மாதக் குழந்தைக்குத் தயிர் சாதம் கொடுத்த மூன்று முறையும் இரண்டு மணி நேரம் கழித்து விடாமல் வாந்தி, உடம்பு வெளுத்துத் துவண்டுவிட்டது. தடிப்பு ஏதுமில்லை. தயிர் கெட்டிருந்தது என்று நினைத்தோம்.
– வாசகர், கும்பகோணம்

மூன்று முறையும் தயிர் கெட்டிருக்காது. சாப்பிட்டு 1 முதல் 4 மணி நேரத்தில் திரும்பத் திரும்ப வாந்தி, வெளுப்பு, துவளல், சில மணி நேரம் கழித்து வயிற்றுப்போக்கு: இது குடலைத் தாக்கும் தனி வகை ஒவ்வாமை. இதில் தோல் தடிக்காது. ரத்தப் பரிசோதனையும் தோல் பரிசோதனையும் பெரும்பாலும் 'இல்லை' என்றே வரும். அதனால்தான் உணவு நஞ்சு என்றும் கிருமித்தொற்று என்றும் நினைத்துவிடுகிறோம். பால் இதற்கு முக்கியக் காரணம். அரிசியும் காரணமாகலாம் என்பது நம் வீடுகளில் நம்ப முடியாத செய்தி. அரிசிக் கஞ்சி ஒத்துக்கொள்கிறதா, தயிர் கலந்தால் மட்டும் வருகிறதா என்று எழுதிக்கொண்டு குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் நான்காவது முறை சோதித்துப் பார்க்க வேண்டாம். உடம்பில் நீர் வற்றினால் ஊசி வழியாகத் திரவம் ஏற்ற வேண்டிவரும்.

மூன்று வயது மகனுக்குக் கரப்பான் (தோல் வறண்டு அரிக்கும் எக்ஸிமா). ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கோதுமை, இறால், துவரம் பருப்பு, வாழைப்பழம், முட்டை என்று 18 உணவுகள் பாசிட்டிவ். இவற்றில் பலவற்றை இதுவரை சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். எடை குறைகிறது.
– வாசகி, கோவை

சாப்பிட்டு ஒன்றும் ஆகாத உணவு, தாளில் என்ன எழுதியிருந்தாலும் அலர்ஜி அல்ல. ஐஜிஇ என்பது அலர்ஜியில் பங்குபெறும் எதிர்ப்புப் புரதம். அது பாசிட்டிவ் என்றால், உடம்பு அந்தப் புரதத்தை அடையாளம் கண்டு வைத்திருக்கிறது என்று மட்டுமே பொருள். கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு இப்படி நீளமான பட்டியல் வருவது சகஜம். வீட்டுத் தூசியிலுள்ள நுண்பூச்சி, கரப்பான்பூச்சி ஆகியவற்றின் புரதம் இறால் புரதத்தை ஒத்திருப்பதால், இறாலைத் தொடாத குழந்தைக்கும் இறால் பாசிட்டிவ் வரலாம். மொத்த ஐஜிஇ அளவு குடற்புழு இருந்தாலே ஏறும். ஐஜிஜி என்ற இன்னொரு எதிர்ப்புப் புரதத்தைப் பார்த்து 'ஒத்துக்கொள்ளாத உணவு' பட்டியல் தருகிறவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். அந்த உணவை அவன் சாப்பிட்டு வருகிறான் என்பதற்கு மேல் அது எதையும் காட்டாது.

தேவையில்லாமல் நிறுத்துவதால் எடை மட்டும் போவதில்லை. கரப்பான் உள்ள குழந்தை ஒத்துக்கொண்டிருந்த பாலையோ முட்டையையோ மாதக்கணக்கில் விட்டுவிட்டுத் திரும்பச் சாப்பிடும்போது, முன்பு இல்லாத உடனடி அலர்ஜி கிளம்பலாம். ஆகவே நிறுத்தியதையெல்லாம் நீங்களாக ஒரே நாளில் தொடங்கிவிட வேண்டாம். எதை எப்போது சாப்பிட்டான், என்ன ஆயிற்று என்று வரிசையாக எழுதி அலர்ஜி மருத்துவரிடம் கொடுங்கள். சந்தேகத்துக்குரிய ஒன்றிரண்டுக்கு மட்டும் தோல் பரிசோதனை செய்வார். அதற்கு 5 முதல் 7 நாள் முன்பே செட்ரிசின் போன்ற அலர்ஜி மருந்துகளை நிறுத்தியிருக்க வேண்டும். அதிலும் தெளியாவிட்டால் மருத்துவமனையில் வைத்து, சிட்டிகை அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்துப் பார்ப்பார்கள். கடைசித் தீர்ப்பு அந்தச் சோதனையில்தான்.

வேர்க்கடலையை எந்த வயதில் கொடுக்கலாம்? மூன்று வயது வரை கூடாது என்று படித்தேன்.
– வாசகர், சேலம்

அது பழைய அறிவுரை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் அலர்ஜி அபாயம் அதிகமுள்ள குழந்தைகளுக்கு 2000இல் அப்படிச் சொன்னது, 2008இல் திரும்பப் பெற்றது. லண்டனில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு விஷயத்தைத் தலைகீழாக்கியது. கடும் கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருந்த, 4 முதல் 11 மாத வயதுள்ள 640 குழந்தைகளில் பாதிப் பேருக்கு வேர்க்கடலை கொடுத்தார்கள், பாதிப் பேருக்குக் கொடுக்காமல் தவிர்த்தார்கள். ஐந்து வயதில் பார்த்தபோது, தவிர்த்தவர்களில் 100க்கு 17 பேருக்கும், சாப்பிட்டவர்களில் 3 பேருக்கும் அலர்ஜி இருந்தது.

கரப்பான் இல்லாத குழந்தைக்கு ஆறு மாதத்தில் மற்ற உணவுகள் பழகியதும் தொடங்கலாம். சுருங்கியதும் கருத்ததும் பொறுக்கி எறிந்துவிட்டு, வறுத்து, தோல் நீக்கி, மாவாகப் பொடியுங்கள். கேழ்வரகுக் கஞ்சியிலோ மசித்த வாழைப்பழத்திலோ நன்றாகக் கலக்குங்கள். முதல் நாள் சளி, காய்ச்சல் இல்லாத காலை நேரமாக இருக்கட்டும். கரண்டி நுனியளவு கொடுத்து 10 நிமிடம் பொறுங்கள். ஒன்றுமில்லை என்றால் மீதியை மெதுவாக ஊட்டி, இரண்டு மணி நேரம் கூடவே இருங்கள். ஒத்துக்கொண்டால் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 8 கிராம் அளவு, ஏறக்குறைய இரண்டு டீஸ்பூன் பொடி. ஒருமுறை கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் மறந்துவிட்டால் பயனில்லை. முழுக்கடலையும் கடலை மிட்டாயும் ஐந்து வயது வரை வேண்டாம். அலர்ஜிக்காக அல்ல, மூச்சுக்குழாயில் சிக்கும் என்பதற்காக.

கடும் கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருந்தால் முதல் வாய் மருத்துவரைக் கேட்டபிறகுதான். இன்னொன்று: கரப்பான் உள்ள தோலில் கடலை மாவு, பயத்தமாவு, பாலாடை தேய்த்துக் குளிப்பாட்டும் வழக்கத்தை நிறுத்துங்கள். வாய் வழியாக வரும் புரதத்தை உடம்பு பொறுத்துக்கொள்ளப் பழகும். வெடித்த தோல் வழியாக நுழைவதை எதிரியாகப் பாவிக்கும். ஜப்பானில் கோதுமைப் புரதம் சேர்த்த முகச் சோப்பைப் பயன்படுத்திய 2,000க்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை உணவே அலர்ஜியானது, 2011 வாக்கில் பெரிய விவகாரமாயிற்று.

முந்திரிப் பாயசம் குடித்த மகளுக்கு உடம்பெல்லாம் தடித்து, இருமி, குரல் கம்மிவிட்டது. அலர்ஜி சிரப் கொடுத்துக் காத்திருந்தோம், சரியாகிவிட்டது. அடுத்த முறை என்ன செய்ய?
– வாசகி, மதுரை

காத்திருக்கக் கூடாது. தடிப்போடு இருமல், குரல் கம்மல், இளைப்பு, தொடர் வாந்தி, துவளல் இவற்றில் ஒன்று சேர்ந்தாலே அனாஃபிலாக்ஸிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான கடும் அலர்ஜி. சொல்லத் தெரியாத குழந்தை திடீரென மடியை விட்டு இறங்க மறுக்கும், நாக்கைச் சுரண்டும், பிறகு சோர்ந்து தொங்கும். அலர்ஜி சிரப் அரிப்பைத்தான் குறைக்கும்; மூச்சுக்குழாய் வீக்கத்தையும் ரத்த அழுத்தச் சரிவையும் தடுக்காது. ஸ்டீராய்டு ஊசி வேலை செய்ய மணிக்கணக்கில் ஆகும்.

மருந்து அட்ரினலின்தான். எடை கிலோவுக்கு 0.01 மி.கி., தொடையின் நடுவில் வெளிப்புறத் தசையில். ஒரு மில்லியில் 1 மி.கி. உள்ள ஆம்பூல் (சிறு கண்ணாடிக் குப்பி) என்றால் 10 கிலோவுக்கு 0.1 மி.லி., 15 கிலோவுக்கு 0.15, 20 கிலோவுக்கு 0.2, குழந்தைகளுக்கு அதிகபட்சம் 0.3. குறையாவிட்டால் 5 முதல் 15 நிமிடத்தில் மறுபடி ஒன்று. பேனா வடிவ ஊசி நம் ஊரில் எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. ஆம்பூலும் 1 மி.லி. சிரிஞ்சும் கொண்டு போட, மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். அளவை எழுதி டப்பாவுக்குள் ஒட்டுங்கள். இன்சுலின் சிரிஞ்சை எடுத்துவிடாதீர்கள். அதன் கோடுகள் வேறு கணக்கு, ஊசியும் தசையை எட்டாது. மருந்தின் மேல் வெளிச்சமும் வெயிலும் படக் கூடாது. நிறம் மாறியிருந்தால் எறியுங்கள்.

ஊசி போட்டபின் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் உட்கார வைக்கலாம், வாந்தி எடுத்தால் ஒருக்களித்து. நடக்க விடாதீர்கள், தோளில் நிமிர்த்தித் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். ரத்த அழுத்தம் சட்டென்று சரியும். 108ஐ அழையுங்கள். தெளிந்துவிட்டாலும் சில மணி நேரம் கழித்து மறுபடி வரக்கூடும் என்பதால் குறைந்தது 6 மணி நேரம் மருத்துவமனையில் இருக்க வேண்டும்.

முந்திரி ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பிஸ்தாவும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது. பொங்கல், குருமா, கேசரி எல்லாவற்றிலும் கேட்டுக் கொடுங்கள். குருமாவில் அரைத்து விட்ட முந்திரி கண்ணுக்குத் தெரியாது.

முட்டை அலர்ஜி உள்ள குழந்தைக்கு அம்மைத் தடுப்பூசி போடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

போடலாம். தட்டம்மை – ரூபெல்லா ஊசியில் முட்டைப் புரதம் பொருட்படுத்தும் அளவில் இல்லை. ஃப்ளூ ஊசியும் போடலாம். மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதுவும் ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா போகிறவர்களுக்குத்தான் தேவைப்படும்.

வேர்க்கடலை அலர்ஜி என்றால் கடலை எண்ணெயும் கூடாதா? பாக்கெட் உணவில் எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகி, ஈரோடு

செக்கில் ஆட்டிய எண்ணெயில் புரதம் தங்கியிருக்கும், கூடாது. முழுமையாகச் சுத்திகரித்ததில் அநேகமாக இருக்காது. எள் அலர்ஜிக்கு நல்லெண்ணெயும் அப்படித்தான், அதுவும் பெரும்பாலும் செக்கெண்ணெய். பாக்கெட்டில் பால், முட்டை, மீன், நண்டு – இறால் வகை, வேர்க்கடலை, கொட்டைப் பருப்புகள், சோயா, கோதுமை போன்ற குளூட்டன் தானியங்கள் இருந்தால் தனியே அறிவிக்க வேண்டும் என்பது நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதி. எள் அந்தப் பட்டியலில் இல்லை. சேர்மானங்களை வரிவரியாகப் படிக்க வேண்டும். மிட்டாய்க் கடையில் நிறுத்துத் தரும் பண்டத்துக்கு லேபிளே கிடையாது. ஒரே எண்ணெய்ச் சட்டியில் எல்லாம் பொரிபடும் இடத்தில் கேட்டும் பயனில்லை, தவிர்த்துவிடுங்கள்.

பால் அலர்ஜி எப்போது போகும்?
– வாசகர், காரைக்குடி

பாலும் முட்டையும் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பள்ளிப் பருவத்துக்குள் ஒத்துக்கொள்ளத் தொடங்கும். வேர்க்கடலை ஐந்தில் ஒருவருக்குத்தான் போகும். மீனும் இறாலும் அநேகமாக நிலைத்துவிடும். போய்விட்டதா என்று பார்க்க நேராகப் பாலைக் கொடுக்காதீர்கள். பால் சேர்த்து அடுப்பில் நன்றாக வெந்த பிஸ்கட், பிறகு கேக், பிறகு காய்ச்சிய பாலில் செய்தவை, பிறகு தயிர், கடைசியில் பால் என்று ஏறும் வரிசை ஒன்று உண்டு. மாவோடு சேர்ந்து அதிக நேரம் வெந்த புரதத்தை உடம்பு எளிதாக ஏற்கும். மருத்துவர் சொன்ன இடைவெளியில் ஒவ்வொரு படியாக ஏறுங்கள். ஒருமுறையாவது மூச்சுத்திணறல் வந்த குழந்தைக்கும், ஆஸ்துமா உள்ள குழந்தைக்கும் இந்த வரிசையை வீட்டில் தொடங்கக் கூடாது; முதல் பிஸ்கட் மருத்துவமனையில்தான்.